வர்ணப் பூச்சும் வளர்ச்சியும்

கிராண்ட்பாஸ் வீதியிலே வீரகேசரிப் பணிமனை இருப்பதை அறியாத தமிழர் கொழும்பிலே மிகக் குறைவு. 1930ஆம் ஆண்டிலே தோன்றிய அந்நாளிதழ், ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கையாற் பொறுக்கிக் கோத்த காலத்தையும் கண்டது. திரையிலே பக்கம் அமைக்கும் காலத்தையும் காண்கிறது. நாம் கற்பிக்கும் பாடசாலையும் அதே வட்டாரத்திலேதான் உள்ளது. எம் மாணவர் சிலருடைய பாட்டன்மார் அச்சகங்களிற் கைகறுக்க உழைத்தவர்கள். ஆதலால் எழுத்தையும் பொறியையும் பற்றிய பேச்சு இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று.

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளுடன், வின்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் வழமையாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. (பணிசெயல் முறைமை என்பது எமது பாடநூல்களின் சொல். தமிழகத்தார் இயங்குதளம் என்பர். பொறியின் உறுப்புக்களையும் அதில் ஓடும் ஏனைய மென்பொருள்களையும் இணைத்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளே அது.) எமது கணினிக்கூடத்திலே பதினான்கு கணினிகள் உள்ளன. பெரும்பாலும் பழைய மாணவர்கள் தம் அலுவலகங்களிற் கழித்தவற்றைக் கேட்டுப் பெற்றுத் தந்தவை. அவற்றுட் பதினொன்று, அடுத்ததாக வந்த வின்டோஸ் 11ஐ ஏற்கமாட்டா. அவை பழுதுபட்டவை அல்ல. காலையில் அழுத்தினால் எழுகின்றன, மாலையில் நிறுத்தினால் உறங்குகின்றன. திரையிலே தோன்றிய அறிவித்தலைப் பத்தாந்தர மாணவன் ஒருவனுக்கு விளக்கியபொழுது அவன் கேட்டான்: "சேர், இது நேற்று வேலை செய்ததுதானே? இன்றைக்கு இதுக்கு என்ன நடந்தது?"

ஒன்றும் நடக்கவில்லை என்பதே உண்மையான விடை. பொறி நேற்றிருந்தபடியே இருக்கிறது. மாறியது, அதனைக் குறித்து வேறோரிடத்தில் வேறு சிலர் செய்த தீர்மானம்.

அன்று ஆசிரியர் அறையிலே இதுபற்றி விவாதம் எழுந்தது. புதியது வந்தால் ஏற்பதே அறிவுடைமை, உலகத்தோடு ஒட்ட ஒழுகவேண்டும் என்றனர் ஒரு சாரார். இற்றைப்படுத்தல் என்பதே பெருமுதலாளிகளின் வித்தை, சுவரை விற்றவன் ஆண்டுதோறும் வர்ணத்தையும் விற்கப் பார்க்கிறான் என்றனர் மறுசாரார். இரண்டாவது கட்சியின்பால் எமக்கு மனச்சாய்வு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், கம்பனிகள் இலாபத்துக்காகவே இயங்குகின்றன என்று கூறியவுடன் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. அங்கேதான் அது தொடங்குகிறது. எந்த மாற்றம் உழைப்பவனின் சுமையைக் குறைத்தது, எது அவனுடைய பையை மட்டும் குறைத்தது என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்தறிய வேண்டும். இதற்கு எமக்கு மிக அண்மையிலுள்ள உரைகல் தமிழெழுத்தின் வரலாறே.

கணினிக்கு முன்னரே தமிழெழுத்து இற்றைப்படுத்தப்பட்டிருக்கிறது. ணை, லை, ளை, னை என்பன முற்காலத்திலே தும்பிக்கை போன்ற வளைவைத் தலையிற் சுமந்து நின்றன. ணா, றா, னா என்பனவும் அவற்றோடொத்த ஒகர ஓகாரங்களும் தனித்தனி வார்ப்புக்களாக இருந்தன. பதின்மூன்று எழுத்துக்களை ஏனையவற்றின் ஒழுங்குக்குக் கொண்டுவந்த சீர்திருத்தத்தைப் பெரியார் 1935இல் தமது 'குடி அரசு' ஏட்டிலே கைக்கொண்டார். தமிழக அரசு 1978இலே அதனை ஆணையாக்கிற்று. எமது நாட்டுப் பத்திரிகைகளும் பாடநூல்களும் பின்னர் அவ்வழியே சென்றன. இதனால் விளைந்த நன்மையைப் பண்டிதர்களைக் காட்டிலும் அச்சுக்கோப்பாளன் நன்கறிவான். அவனுடைய எழுத்துப் பெட்டியிலே அறைகள் குறைந்தன. தட்டெழுதுபவரின் விரல் அலைச்சல் குறைந்தது. முதலாம் வகுப்புப் பிள்ளை நெட்டுருப் பண்ணவேண்டிய விதிவிலக்குகள் குறைந்தன. இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. சீர்திருத்தத்திற்கு முன் அச்சிட்ட நூல்கள் செத்துப் போகவில்லை. நாவலர் பதிப்பித்த நூலொன்றை இன்று எம் மாணவன் சற்றுத் தடுமாறியேனும் வாசித்து விடுகிறான். எவரிடமும் அனுமதி வாங்கவேண்டிய நிலை அவனுக்கில்லை.

தட்டச்சுப்பொறியின் கதையும் அத்தகையதே. யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரிலே வாழ்ந்த ஆர். முத்தையா, ஆங்கிலத்துக்கென அமைந்த பொறியிலே 247 எழுத்துக்களை எவ்வாறு அடக்குவது என்ற வினாவோடு பல காலம் போராடியவர். அவர் கையாண்ட வழி 'நகரா விசை'. அவ்விசையை அழுத்தினால் குறி விழும், தாள் நகராது. அதன்பின் அடிக்கும் எழுத்து அதே இடத்திலே விழுந்து, புள்ளியும் மெய்யும் ஒன்றாகும். பொறியின் வெளித்தோற்றத்திலே இம்மாற்றம் எவர் கண்ணுக்கும் படவில்லை. விளம்பரத்திற் காட்டுதற்கும் அதில் ஒன்றுமில்லை. ஆயினும் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் தமிழிற் கடிதம் எழுதும் வாய்ப்பு அத்தகைய கண்டுபிடிப்பினாலேயே ஏற்பட்டது.

இனி வின்டோஸின் கதைக்கு வருவோம். 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் நாள் வெளிவந்த வின்டோஸ் 95, உலகம் அதுவரை மென்பொருளுக்குக் கண்டிராத ஆரவாரத்துடன் வந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் பாட்டை விலைகொடுத்து வாங்கி விளம்பரம் செய்தனர். நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் மாளிகையை அதன் நிறங்களால் ஒளியூட்டினர். நீதியாகப் பேசுவதாயின், அவ்வாரவாரத்தின் உள்ளே மெய்யான சரக்கும் இருந்தது. எட்டெழுத்துக்கு மேற் கோப்புக்குப் பெயரிட முடியாத முந்தைய சிறைவாசம் ஒழிந்தது. பல வேலைகள் ஒரே நேரத்தில் முன்னிலும் ஒழுங்காக ஓடின. ஆனால் அதிலே தமிழ் இல்லை.

தமிழில்லாத பொறியிலே தமிழை எழுத எமது மக்கள் கண்ட உபாயம் விசித்திரமானது. ஆங்கில எழுத்துக்களின் உருவத்தை அழித்துவிட்டு அவ்விடங்களிலே தமிழ் உருவங்களை வைத்து எழுத்துருக்களைச் செய்தனர். இந்நாட்டிலே அவற்றுட் பெயர்பெற்றது 'பாமினி'. அரசாங்க அலுவலகம், அச்சகம், பாடசாலை, திருமண அழைப்பிதழ், மரண அறிவித்தல் எனப் பாமினி புகாத இடமில்லை. பழைய தட்டச்சுப்பொறியின் விசைவைப்பையே அது தழுவியமையால் எழுதுவினைஞர்கள் ஒரே நாளிற் பழகிக்கொண்டனர். எனினும் அது கண்ணுக்குத் தமிழ், பொறிக்குத் தமிழன்று. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால், கணினி தன் நினைவிலே பதித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளையே. அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியிலே கோப்பைத் திறந்தால் அம்மா மறைந்து அவ்வைந்து குறிகளும் பல்லிளிக்கும். அகரவரிசைப்படுத்த இயலாது, தேட இயலாது. எம் பாடசாலையிலே 1990களின் இறுதி தொடங்கித் தயாரித்த வினாத்தாள்கள் ஒரு பெட்டி நிறைய வட்டுக்களில் உள்ளன. அவை தமிழ் வினாத்தாள்கள் என்பது எமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

இந்த இடத்திலேதான் பணிசெயல் முறைமையின் இற்றைப்படுத்தல் மெய்யான முன்னேற்றமாக வந்தது. உலக மொழிகளின் எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வழங்கும் ஒருங்குறி முறை 1991இல் வெளியிடப்பட்டது. தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீடு இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுக் குறியீட்டு முறையைத் தழுவியது என்பதும், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் கிட்டவில்லை என்பதும் அறிஞர் பலரின் மனக்குறையாக நெடுங்காலம் நீடித்தன. 2010இலே தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றபோதும், அனைத்து எழுத்துக்கும் இடமளிக்கும் மாற்று முறையொன்றையும் சேர்த்தே ஏற்றது.

எண் கொடுத்தவுடன் எழுத்துத் திரைக்கு வந்துவிடாது என்பதைப் பலரும் அறியார். 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். நினைவிலே முதலிற் ககரமும் அதன்பின் ஒகரக் குறியும் நிற்கும். திரையிலோ அக்குறி இரண்டாகப் பிளந்து ககரத்தின் முன்னொன்றும் பின்னொன்றுமாக நிற்கவேண்டும். இந்த வேலையை எழுத்துரு மட்டும் செய்துவிட முடியாது. பணிசெயல் முறைமையின் உள்ளிருந்து ஒரு பகுதி செய்தாகவேண்டும். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த வின்டோஸ் 2000 அதனைச் செய்தது. 'லதா' என்ற எழுத்துருவையும் உடன் தந்தது. 2001இல் வந்த வின்டோஸ் எக்ஸ்பி வீடுகளுக்கும் அதனைக் கொண்டுவந்தது. அம்மா, பொறிக்கும் அம்மாவானாள். கூகுளிலே தமிழ்ச் சொல்லைத் தேடுவதும், மலைநாட்டிலிருந்து கனடாவுக்குத் தமிழிற் செய்தி அனுப்புவதும் அந்த அத்திவாரத்தின்மேல் எழுந்தவையே.

இஃது அமெரிக்கக் கம்பனியின் கருணை என்று கொள்வது வரலாற்றைத் திரித்தலாகும். 1980களிலிருந்தே மலேசியா, சிங்கப்பூர், தமிழகம், இலங்கை, ஐரோப்பா, வட அமெரிக்கா எனப் பரந்திருந்த தமிழார்வலர்கள் தம் ஓய்வு நேரத்தைச் செலவிட்டு எழுத்துருக்களையும் விசைப்பலகைகளையும் செய்தனர். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' அவற்றுள் ஒன்று. 'திஸ்கி' என்ற பொதுக்குறியீட்டை மின்னஞ்சல் வழியே நூற்றுக்கணக்கான நாட்கள் வாதிட்டு அமைத்தவர்களுள் ஊதியம் பெற்றவர் எவருமிலர். 1999 பெப்ரவரியிலே சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்குப் பொதுவிதி கண்டது. மறு ஆண்டு 'உத்தமம்' என்ற அமைப்பு உருவானது. இந்த உழைப்பு முன்னே சென்றது. கம்பனி பின்னே வந்தது. கோடிக்கணக்கான தமிழர் வாழும் சந்தையொன்று கண்ணுக்குத் தெரிந்தபோது வந்தது.

சந்தை என்று நாம் கூறுவதற்குச் சான்று எமது நாட்டிலேயே உண்டு. 1956இல் தனிச் சட்டத்தால் அரசகரும மொழியாக்கப்பட்டது சிங்களம். தமிழ் அந்நிலையை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தினூடாக 1987இலேதான் பெற்றது. வின்டோஸிலோ வரிசை தலைகீழாயிற்று. தமிழ் 2000இல் இடம்பெற, சிங்களம் 2007இல் விற்பனைக்கு வந்த வின்டோஸ் விஸ்டாவிலேதான் 'இஸ்கோல பொத்த' என்ற எழுத்துருவுடன் உள்ளமைந்து வந்தது. சட்டப் புத்தகத்துக்கும் கம்பனியின் கணக்குப் புத்தகத்துக்கும் தொடர்பில்லை. எமக்கு முன்னிடம் கிட்டியது எமது உரிமைக்காகவன்று. பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள தொகைக்காக. எம் அயற்பாடசாலையிலே சிங்கள மொழியிற் கற்ற ஏழைப் பிள்ளை அந்த ஏழாண்டுகளும் தன் தாய்மொழிக்காகக் காத்திருந்தது. இதிலே நாம் மகிழ்வதற்கு யாதுமில்லை.

அந்த விஸ்டாவை எவ்வாறு விளம்பரப்படுத்தினர் என்பது மனங்கொளத்தக்கது. கண்ணாடிபோல் ஒளிபுகும் சாளர விளிம்புகளே பெரிதாகக் காட்டப்பட்டன. அக்கண்ணாடித் தோற்றத்தைத் தாங்கும் வலு அன்றைய கணினிகள் பலவற்றுக்கு இல்லை. 'விஸ்டாவுக்கு உகந்தது' என ஒட்டிய முத்திரையை நம்பி வாங்கிய பொறிகளில் அது ஓடவில்லை என்று அமெரிக்காவிலேயே 2007இல் வழக்குத் தொடுத்தனர். ஒரு தேசத்தின் எழுத்து முதன்முதலாக உள்ளே வந்ததும் அதே பெட்டியிலேதான். விளிம்புக்குக் கண்ணாடி பூசியதும் அதே பெட்டியிலேதான். பூச்சுக்கு முரசறைந்தனர், எழுத்தோ ஓசையின்றி வந்தது. முத்தையாவின் நகரா விசை எவர் கண்ணிலும் படாதிருந்ததை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

பூச்சு மட்டுமே வந்த காலமும் உண்டு. 2012 ஒக்டோபரிலே வந்த வின்டோஸ் 8, பதினேழாண்டுகளாக மக்கள் கைபழகியிருந்த தொடக்கப் பொத்தானை நீக்கிற்று. தொடுதிரைக்கென வரைந்த வர்ணக் கட்டங்களை, தொடுதிரையே இல்லாத மேசைக் கணினிகளின்மீதும் சுமத்தியது. மறு ஆண்டு 8.1இலே பொத்தான் திரும்பியது. 2015இல் வந்த 10இலே அதன் பட்டியலும் திரும்பியது. மூன்றாண்டு உழைப்பின் பின் உலகம் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்ததை நாம் எதிலே சேர்ப்பது? 2021இன் வின்டோஸ் 11 அப்பொத்தானை இடது மூலையிலிருந்து நடுவுக்கு நகர்த்தியிருக்கிறது. ஓய்வுபெறும் வயதிலுள்ள எழுதுவினைஞர் ஒருவர் இவ்வொவ்வொரு நகர்வின்போதும் இழக்கும் நாட்களை எவரும் கணக்கிடுவதில்லை.

இவ்வளவும் கேட்டபின், இற்றைப்படுத்தலே வேண்டாம் என்று கதவடைப்போரை எச்சரிக்க வேண்டியவராகின்றோம். 2017 மே 12ஆம் நாள் 'வன்னாகிரை' என்ற தீநிரல், ஏறத்தாழ 150 நாடுகளிலே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டிக் கப்பங் கேட்டது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளிலே ஆயிரக்கணக்கான நோயாளரின் சிகிச்சை நேரங்கள் இரத்தாயின. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. இரு மாத காலம் அதனை நிறுவாதிருந்தவர்களே பெரிதும் அடிபட்டனர். அவ்வோட்டையை அமெரிக்க உளவு நிறுவனம் முன்னரே அறிந்து, தன் வேவுக்கென இரகசியமாக வைத்திருந்தமை வேறு கதை. ஆக, திரையிலே எவ்வித மாற்றத்தையும் காட்டாத, பெயர்கூட இல்லாத அச்சிறு திருத்தம், கண்ணாடி விளிம்புகள் அனைத்தினும் பெறுமதி வாய்ந்தது. இன்னுமொன்று: 2014இலே ஆதரவு நிறுத்தப்பட்ட எக்ஸ்பிக்கும், தாக்குதல் நடந்த மறுநாள் திருத்தம் வழங்கப்பட்டது. முடியாது என்று கூறப்பட்டது முடியாததன்று.

கைப்பேசி உலகிலும் இக்கலவையைக் காணலாம். 2013இல் வந்த ஐஓஎஸ் 7, ஐபோனிலே தமிழ் விசைப்பலகையை உள்ளமைத்துத் தந்தது, அது பெருநன்மை. அதே அப்பிள் நிறுவனம், மின்கலம் தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை 2017இன் இற்றைப்படுத்தல் ஒன்றினால் குறைத்ததை அவ்வாண்டு இறுதியில் ஒப்புக்கொண்டது. பொறி திடீரென அணைந்துபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கம் கூறிற்று. விளக்கத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் வாங்கியவனிடம் கூறாமற் செய்தமைக்காக 2020இலே பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. மின்கலத்தை மாற்றினாற் போதும் என அறியாத எத்தனை பேர் புதிய கைப்பேசி வாங்கினர் என்பதே அங்கு எழுந்த வினா.

எனவே எமது குற்றச்சாட்டு புதுமையின்மீதன்று. அவசியமான மருந்தையும் அலங்காரப் பூச்சையும் ஒரே குப்பியில் அடைத்து, மருந்து வேண்டுமாயின் பூச்சையும் வாங்கு, பூச்சைத் தாங்கப் புதுச் சுவரையும் கட்டு என்று கூறுவதன்மீதே. வின்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லுக்கு நியாயம் உண்டு. கடவுச்சொற்களையும் மறைகுறியீடுகளையும் காக்க அது உதவும். ஆயின் அச்சில்லும் ஏறத்தாழ 2017க்குப் பிந்திய செயலியும் இல்லையென்பதற்காக, நன்றாக ஓடும் பொறிக்குச் சாதாரண ஓட்டையடைப்பையும் மறுப்பது எவ்வகை நியாயம்? 2015இலே, இதுவே கடைசி வின்டோஸ் என்று அந்நிறுவன ஊழியர் ஒருவர் மாநாட்டு மேடையிற் கூறியதை நம்பியோர் பலர். மேலும் ஓராண்டுத் திருத்தங்களைப் பெறத் தனியாருக்கு அறிவித்த விலை 30 டொலர். முறைப்படி பதிந்த கல்வி நிலையங்களுக்கு முதலாண்டில் ஒரு டொலர்தான் என்பதையும் கூறுதல் நேர்மை. அதுவும் மூன்றாண்டுக்கே. 2022இலே டொலருக்காக நாடே வரிசையில் நின்றதை மறவாத ஒரு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம், ஓடும் கணினிகளைக் கழித்துவிட்டுப் பதினொரு புதிய கணினிகள் வாங்குவோம் என்று எந்த முகத்தோடு கேட்பது? பொறிகளைப் பார்க்க வந்த திருத்துநர் ஒருவர், இரும்புக் கடைக்குக் கொடுங்கள் என்று இரண்டு நிமிடத்திலே தீர்ப்பளித்துவிட்டுப் போனார்.

வேறு வழி இருப்பதை அயலிலுள்ள கேரளம் காட்டியிருக்கிறது. அங்கே அரச பாடசாலைகளின் கணினிக் கல்வி, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற பணிசெயல் முறைமைக்கு மாறிற்று. 1983இலே ரிச்சர்ட் ஸ்டோல்மன் தொடங்கிய க்னூ இயக்கமும் 1991இலே பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கருவும் சேர்ந்து விளைந்தது அது. எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். கேரளம் அதனைத் தன் பாடத்திட்டத்துக்கும் மலையாளத்துக்கும் ஏற்பத் திருத்தி, ஆசிரியர்களைப் பயிற்றி, தன் கையாலேயே இற்றைப்படுத்துகிறது. அங்கும் புதிய பதிப்புக்கள் வருகின்றன. எப்போது வரவேண்டும், எந்தப் பொறியைக் கைவிடலாம் என்பதைத் தீர்மானிப்போர் அப்பாடசாலைகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். வேறுபாடு இதுவே. இது எளிதில் நடந்தது என்று எவரும் எண்ணவேண்டாம்; ஓர் அரசு பணமும் ஆண்டுகளும் ஒதுக்கியதால் நடந்தது. தனியொரு பாடசாலையின் ஆசிரியர் இருவர் சனிக்கிழமைகளிற் செய்யும் வேலை அதற்கு ஈடாகாது.

எனினும் சனிக்கிழமைகளிலே அதனைத்தான் செய்து வருகின்றோம். பதினொன்றில் மூன்று கணினிகளுக்கு லினக்ஸ் ஏற்றியாயிற்று. தமிழ் அதிலே முதல் நாளே ஒழுங்காகத் தெரிந்தது. பட்டியல்கள் சிலவற்றைத் தன்னார்வலர் யாரோ முன்பே தமிழாக்கி வைத்திருந்தனர், சில சொற்கள் எமக்கு உடன்பாடில்லை. பழைய வட்டுக்களிலிருந்த வினாத்தாள்களைப் பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் வேலையைப் பத்தாந்தர மாணவர் நால்வர் ஏற்றிருக்கின்றனர். மாற்றும் நிரல் சில இடங்களில் ஒற்றைக் கொம்பை இடம்மாற்றிப் போட்டுவிடுகிறது. அவற்றைக் கண்ணாற் பார்த்துத் திருத்தவேண்டும். 2003ஆம் ஆண்டுத் தவணைப் பரீட்சைத் தாள் வரை வந்திருக்கின்றனர். மூன்றாவது கணினியிலே ஒலி மட்டும் இன்னும் வரவில்லை. இதற்கு என்ன நடந்தது என்று கேட்ட அம்மாணவனே அதன் பின்புறத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறான்.